வலது பக்கம் என்னுடையது

என் பயிற்சியாளன் பச்சேகோவின் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் இரண்டே எண்கள் எழுதியிருக்கும். மேலே 34, கீழே 40.

எங்கள் கல்லூரியின் ஹெலிகாப்டர் வகுப்பில் நாற்பது பேர். அதில் முப்பத்திநான்கு பேர் என்னைப் போல ராணுவத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் படிப்புக்கும் பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் அரசாங்கம் பணம் கொடுத்தது. சேவை செய்ததற்கான கல்விச் சலுகை, மொத்தம் முப்பத்தாறு மாதம், வாழ்நாளில் ஒரு தடவை. மீதி ஆறு பேர் சொந்தக் காசில் படித்தார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் அரசாங்கக் காசில் இருக்கக் கூடாது என்பது விதி. தாண்டினால் புதிதாக ஒரு முன்னாள் சிப்பாயைக்கூடச் சேர்க்க முடியாது. நாற்பதில் முப்பத்திநான்கு என்றால் சரியாக எண்பத்தைந்து. அதனால் அந்த ஆறு பேரையும் பச்சேகோ புது மாப்பிள்ளைகளைத் தாங்குவதுபோலத் தாங்குவான். காப்பி வாங்கிக் கொடுப்பான். அவர்கள் தாமதமாக வந்தால் நாங்கள் வெயிலில் காத்திருப்போம்.

பிப்ரவரியில் ஒரு காலை நான் உள்ளே போனபோது 40 அழிக்கப்பட்டு 39 என்று இருந்தது.

"ஆறு பேர்ல அந்த டயர் கடைக்காரன் ஓடிட்டான்டா," என்றான் பச்சேகோ.

"ஏன், என்னாச்சு?"

"மேல போய் இஞ்சினைக் குறைச்சு, இஞ்சின் நின்னா எப்படி இறங்கறதுன்னு காட்டினேன். கீழ வந்து என் பூட்ஸ் மேல வாந்தி எடுத்தான். இப்போ அவன் பொண்டாட்டி ஃபோன்ல வந்து, என் புருஷனைக் கொல்லப் பாக்கறீங்களான்னு கேக்கறா."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் இல்லைன்னேன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினான். எண்பத்தேழு.

"டேனிக்கு என்ன சொல்லப் போறேன்?" என்றான். டேனி அவன் மனைவி லொரேனாவின் அண்ணன். கடற்படையில் கப்பல் மின்வேலை பார்த்தவன். அந்தப் பருவத்திலேயே வகுப்பில் இடம் உறுதி என்று பச்சேகோ சொன்னதை நம்பி சான் டியேகோவில் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"வேற எவனாவது காசுக்காரன் வருவான். காத்திருக்கச் சொல்லு."

"மூணு மாசமா என் சோபாவுல படுத்து என் ஃப்ரிட்ஜைக் காலி பண்றான். லொரேனா என்கூடப் பேசறதில்ல. காத்திருக்கச் சொல்லணுமாம்." என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒண்ணு, எவனாவது காசுக்காரன் வரணும். இல்லேன்னா உங்கள்ல ஒருத்தன் போகணும்."

"நான் செத்தா எனக்கு மாலை வை."

"பெருசாவே வைக்கறேன், பிரதர்."

இருவரும் வெளியே போய் இயந்திரத்தைச் சோதித்துவிட்டுப் பறந்தோம். அன்று எனக்கு நூற்று நாற்பத்தொரு மணி நேரம் முடிந்தது. சம்பளத்துக்கு ஓட்டும் உரிமத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

இந்தத் தேர்வு எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் நான் ராணுவ ஹெலிகாப்டரில் பறந்தேன். ஓட்டவில்லை. ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால், வலது ஜன்னலில், வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பது என் வேலை. இயந்திரத்தைப் பராமரிப்பதும், ஏறுகிறவர்களை உட்காரவைத்து ஒவ்வொருவரின் பெல்ட்டையும் இழுத்துப் பார்ப்பதும் என் பொறுப்பு. இழுத்துப் பார்த்த பின் தோளில் இரண்டு தட்டு. சத்தத்தில் பேச முடியாது, தட்டினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இடது ஜன்னலில் பச்சேகோ. முதுகுக்கு முதுகு. தரையிறங்கும்போது, தன் பக்கம் தடையில்லை என்றால் அவன் "இடது கிளியர்" என்பான், நான் "வலது கிளியர்" என்பேன், விமானி இறக்குவார். அவன் சொன்ன பிறகு நான் திரும்பி அவன் பக்கத்தைப் பார்ப்பது என்பது கிடையாது. நான் திரும்பினால் என் பக்கத்தைப் பார்க்க ஆள் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் திரும்பியதில்லை.

அந்த ஒன்பது வருடமும் எல்லா மலையையும் எல்லா ஊரையும் அவை கடந்துபோகும்போதுதான் பார்த்தேன். முன்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்குப் பெரிய பெயர் எதுவும் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ராணுவத்தை விட்டு வெளியே வரும் வாரத்தில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் எழுது. காது, முட்டி, முதுகு, தூக்கம். வலித்தால் எழுது, வலிக்காவிட்டால் நாளைக்கு வலிக்கும் என்று எழுது. முன்னாள் ராணுவத்தினர் அலுவலகம் அதையெல்லாம் கூட்டி ஒரு சதவீதம் போடும். அந்தச் சதவீதத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை வரும். யாரும் இதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. உடம்பைக் கொடுத்தோம், ரசீது வாங்குகிறோம்.

நாங்கள் இருவரும் ஒரே மாதம் வெளியே வந்தோம். அந்தப் படிவங்களை பச்சேகோ வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினோம். சிவப்பு மிளகாய்ப் படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. லொரேனா பச்சை மிளகாய்க் குழம்பு வைத்திருந்தாள்.

"தூக்கத்தை எழுது," என்றான்.

"நான் நல்லாத்தானே தூங்கறேன்."

"எழுதுடா கழுதை. கூட இருந்தவன் ஒருத்தன் சாட்சிக் கடிதம் குடுத்தாப் போதும், அம்பது சதவீதம் வந்துரும். நான் குடுக்கறேன்."

"என்னன்னு குடுப்பே?"

"அழகா குடுப்பேன். படிச்சா நீயே அழுவே."

"எழுதி முடிச்சதும் காட்டு."

"காட்ட மாட்டேன். நீ படிச்சுட்டா டாக்டர் கேக்கும்போது சிரிச்சுத் தொலைப்பே. அவர் எது கேட்டாலும் ஞாபகமில்லன்னு சொல்லு. மீதியைக் கடிதம் பாத்துக்கும்."

மூன்று மணி நேரம் எழுதினான். ஒரு பக்கக் கடிதத்துக்கு மூன்று மணி நேரம். நான் பக்கத்து அறையில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை அவனே மடித்து, அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். சொன்ன மாதிரியே ஐம்பது வந்தது. நான் அவனுக்கு ஸ்டேக் வாங்கிக் கொடுத்தேன். கதாசிரியனே என்று கூப்பிட்டேன்.

"நீ எவ்வளவு எழுதினே?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன இருக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

அவன் ஒன்றும் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் உறைத்தது. விமானியாக வேண்டுமானால் உடம்பைப் பற்றிய தாள்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

அதன் பிறகு ஆறு வருடம் கிடங்கில் வேலை. சாயங்காலம் ஆறு முதல் காலை நான்கு வரை பெட்டிகளை லாரியில் ஏற்றுவது. கொரின் என்று ஒரு மனைவி இருந்தாள், போய்விட்டாள். பச்சேகோ இதற்குள் சலுகையில் படித்து விமானியாகி, அதே கல்லூரியில் பயிற்சியாளனாகி, எங்களைப் போன்றவர்களைச் சேர்த்துவிடும் பொறுப்பும் வாங்கியிருந்தான். ஒரு நாள் கூப்பிட்டான்.

"ஒம்போது வருஷம் ஓரமாவே பாத்துட்டே. போதும், வா. உன் முப்பத்தாறு மாசம் சும்மா கெடக்கு."

"எனக்கு முப்பத்தெட்டு வயசு."

"ஹெலிகாப்டருக்கு அது தெரியாது."

மருத்துவச் சான்று இல்லாமல் வகுப்பில் சேர முடியாது. டாக்டர் ஆபீஸ் வாசலில், அவன் வண்டியில் உட்கார்ந்து, ஃபோனில் அந்தப் படிவத்தை நிரப்பினோம். ஒரு கேள்வி, மனம் சம்பந்தப்பட்ட கோளாறு எப்போதாவது இருந்திருக்கிறதா என்றது. இன்னொன்று, உடல் மனக் குறைபாட்டுக்காக உதவித்தொகை வாங்குகிறீர்களா என்றது. என் விரல் நின்றது.

"இல்லைன்னு போடு," என்றான் பச்சேகோ.

"மாசா மாசம் வாங்கறேனேடா."

"அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ். ரெண்டும் பேசிக்கிறதே இல்ல. நானும் லொரேனாவும் மாதிரி."

"மாட்டினா?"

"நம்ம பசங்க எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. நீ ஒருத்தன் ஆமான்னு போட்டா, ரெண்டு வருஷம் டாக்டர் டாக்டரா அலைவே. அதுக்குள்ள உனக்கு பல்லு விழுந்துரும்."

நான் இன்னும் யோசித்தேன். அவன் முகத்தை முன் கண்ணாடி பக்கம் திருப்பிக்கொண்டு, பழைய குரலில், "இடது கிளியர்," என்றான்.

இல்லை என்று இரண்டு தடவை அழுத்தினேன்.

டயர் கடைக்காரர் போன பத்தாவது நாள் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. உரிமம் கொடுக்கும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்திலிருந்து. என் மருத்துவப் படிவத்தில் முரண்பாடு இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது, விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாது, இன்ன தேதி ஆல்புகெர்க்கி அலுவலகத்துக்கு வரவும். இரண்டு பத்தி.

தாளை எடுத்துக்கொண்டு நேராக பச்சேகோவிடம் போனேன். படித்தான். நெற்றியைத் தேய்த்தான்.

"எப்படிடா கண்டுபிடிச்சாங்க?" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுப் பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். உன் பேர் விழுந்திருக்கும்."

"இப்போ என்ன பண்றது?"

"நான் பாத்துக்கறேன். நீ யார்கிட்டயும் பேசாதே. வக்கீல் கிக்கீல்னு போயிடாதே, குத்தம் பண்ணவன் மாதிரி ஆயிரும்." பிறகு கையை நீட்டினான். "அடையாள அட்டையைக் குடு. சான்று இல்லாதவனை உள்ள விட்டா எனக்கு வேலை போயிரும்."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். நான் வெளியே வரும்போது அவன் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தான். 33, 39. நான் எண்ணைப் பார்த்தேன். ஒரு ஆள் போனால் எண் மாறத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் என் தலைக்கவசத்தையும் புத்தகங்களையும் எடுத்து வரப் போனேன். பலகையில் மறுபடி 34, 40. பறக்கும் அட்டவணையில் எனக்கிருந்த காலை பத்து மணி இடத்தில் டேனியின் பெயர். ஹேங்கர் கொட்டகை வாசலில் டேனியே நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கேள்விப்பட்டேன் சார்ஜென்ட். மோசம். சீக்கிரம் சரியாகும்."

"சோபா காலியா?"

"இன்னும் இல்ல," என்று சிரித்தான். நல்லவன்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று இப்போதும் நம்புகிறேன்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. காலியான இடத்தில் ஆள் வைப்பார்கள், அதில் என்ன. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண் முன்னால் சுவரில் எழுதிவைத்த கணக்கு எனக்குத் தெரியவில்லை. அது அவன் பக்கம். நான் பார்க்கவில்லை.

படிக்கும்போதும் கிடங்கு வேலையை நான் விடவில்லை. ஆல்புகெர்க்கிக்கு இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு காரை ஓட்டிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் மிஸஸ் டில்லார்ட் என்று ஒரு பெண் அதிகாரி. அறுபது வயது இருக்கும். கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடி. காப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"உங்க ரெண்டு தாள் எங்கிட்ட இருக்கு, மிஸ்டர் ஹோல்கம்," என்றார். "ஒண்ணு நீங்க நிரப்பின படிவம். உங்களுக்கு எந்தக் கோளாறும் இல்ல, எந்த உதவித்தொகையும் இல்லன்னு அதுல இருக்கு. இன்னொண்ணு ஒரு கடிதம். அதுல வேற ஹோல்கம் இருக்கார்."

"எந்தக் கடிதம், மேடம்?"

மேசை மேல் வைத்தார். பெயர் போடாத ஒரு புகாரோடு வந்ததாம். அசல் அல்ல, ஃபோனில் எடுத்த படத்தின் அச்சு. பச்சேகோவின் சாய்ந்த எழுத்து. தாளின் விளிம்புக்கு வெளியே, படத்தில், ஒரு அரை இஞ்சு மேசையும் விழுந்திருந்தது. மேசை விரிப்பில் சிவப்பு மிளகாய்.

அந்த மிளகாய்களை நான் எத்தனையோ தடவை தட்டுக்கு அடியில் பார்த்திருக்கிறேன். ஒன்றின் மேல் சிகரெட் சுட்ட கறை இருக்கும். அது நான் சுட்டது. படத்தில் அந்தக் கறையும் இருந்தது.

கொஞ்ச நேரம் எனக்குக் காது கேட்கவில்லை. மிஸஸ் டில்லார்ட் பேசிக்கொண்டிருந்தார். கேட்கத் தொடங்கியபோது அவர் சொன்னது இது:

"ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. கடிதம் பொய்யின்னா, உங்க உதவித்தொகை விஷயம் வேற ஆபீஸுக்குப் போகும், அது உங்களுக்குக் கஷ்டம். கடிதத்துல கையெழுத்துப் போட்டவர் பொய்ச் சாட்சி சொன்னதா ஆகும், அது அவருக்குக் கஷ்டம். ஆனா உடம்பளவுல நீங்க சுத்தம். உங்க மருத்துவச் சான்றைப் பத்தி நாம பேச இடம் இருக்கு. படிவம் பொய்யின்னா, இப்போ வாங்கின உரிமம், சான்று எல்லாம் போயிரும். எது பொய்யின்னு நீங்கதான் சொல்லணும்."

"கடிதம்தான் மேடம்," என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவன் சமைத்த கதை. சொன்னால் நான் மறுபடி பறக்கலாம், அவன் மாட்டுவான். இதைவிடச் சுத்தமாக ஒரு விஷயம் அமையாது.

"படிச்சுட்டுச் சொல்லுங்க," என்றார். "பெரும்பாலானவங்க கையெழுத்தை மட்டும் பாத்துட்டு பதில் சொல்லிடறாங்க."

படித்தேன். முதல் தடவையாக.

"நான் ஹோல்கமுடன் ஒரே கூடாரத்தில் பதினான்கு மாதம் இருந்தேன். மார்ச் மாத விபத்துக்குப் பிறகு ஹோல்கம் தூக்கத்தில் எழுந்து நடக்கிறான். கண் திறந்திருக்கும், விழித்திருக்கமாட்டான். ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் படுத்திருப்பவனின் இடுப்பைத் தொட்டு பெல்ட்டைத் தேடுவான். இருக்காது. அடுத்த கட்டில். கடைசிக் கட்டில்வரை போய், மறுபடி முதலிலிருந்து. விடியும்வரை. என் கட்டில்தான் முதல். ஒரு நாள் அசதியில் பெல்ட்டைக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். அவன் வந்து இழுத்துப் பார்த்தான். என் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். காலைவரை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நான் பெல்ட் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். இதை அவனிடம் சொல்லவில்லை. மற்றவர்களையும் சொல்ல விடவில்லை. இது பொய்யானால் சட்டப்படி தண்டனைக்கு உட்படுகிறேன்."

மார்ச் விபத்து என்பது இது. ஒரு மலைச்சரிவில் வேகமாக மோதி இறங்கினோம். பதினொரு பேர் ஏறியிருந்தார்கள். பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. பதினோராவது ஆள் ஸல்மய் என்ற மொழிபெயர்ப்பாளர். பெல்ட் கழன்றுபோய்க் கழுத்து முறிந்து இறந்தார். கொக்கி பழுது என்று அறிக்கை எழுதினார்கள். நான் அவர் பெல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை. அவசரம். கண்ணால் பார்த்துவிட்டுத் தோளில் இரண்டு தட்டு தட்டினேன். இதை நான் எவனிடமும் சொன்னதில்லை. பச்சேகோவிடமும் இல்லை.

அவன் சமைத்த கதை என்றால் அந்த இரண்டு தட்டு அதில் வந்திருக்காது. கதை எழுதுகிறவன் கத்தல், வியர்வை, துப்பாக்கி என்று எழுதுவான். இது பார்த்தவன் எழுதியது.

பிறகு கொரின் ஞாபகம் வந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் சோபாவில் படுக்கப் போனாள். "ராத்திரி என் இடுப்புல எதைத்தான் தேடறே நீ?" என்று ஒரு காலையில் கேட்டாள். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு ஏதோ அசிங்கமாக ஜோக் அடித்தேன்.

"மிஸ்டர் ஹோல்கம்?"

"கடிதம் உண்மை, மேடம்."

"அப்போ படிவம்?"

"அதுல நான் பொய் சொன்னேன்."

"யாராவது உங்களை அப்படிப் போடச் சொன்னாங்களா?"

இடது கிளியர். அது வாய் நுனியில் இருந்தது. சொல்லியிருக்கலாம். சாட்சி கிடையாது. ஒரு வண்டியில் இரண்டு பேர் இருந்தோம், அவ்வளவுதான். ஆனால் நான் சொல்லாததற்கு அது காரணமில்லை. பெல்ட் போட்டுத் தூங்கியவனை என்ன செய்வது என்று எனக்கு அந்த நிமிடம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"விரல் என்னுது, மேடம்," என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, "வருந்தறேன்," என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் இருந்த எல்லா உரிமமும் ரத்து. சலுகையில் செலவான இருபத்திரண்டு மாதம் திரும்ப வராது.

அங்கிருந்து நேராக விமான நிலையத்துக்கு ஓட்டினேன். உச்சி வெயில். பச்சேகோ ஹேங்கருக்கு வெளியே நின்று பரிட்டோ தின்றுகொண்டிருந்தான். டேனி தூரத்தில் இயந்திரத்தைச் சுற்றி வந்து சோதித்துக்கொண்டிருந்தான்.

"எப்படிப் போச்சு?" என்றான்.

"மேசை விரிப்பைத் தூக்கிட்டுப் படம் எடுத்திருக்கணும் நீ."

மெல்வது நின்றது. அவன் மறுக்கவில்லை. அதற்காக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். பரிட்டோ சுற்றிய தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

"என்ன சொன்னே அவங்ககிட்ட?"

"நெஜமா தினமும் பெல்ட் போட்டுட்டுத் தூங்கினியா?"

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

தரையைப் பார்த்தான். "பதினோரு மாசம். இடுப்புல தழும்பே இருக்கு. லொரேனா கேட்டா, முள்வேலின்னு சொல்லியிருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயே போய் டாக்டர்கிட்ட சொல்லியிருப்பே. நீ அப்படிப்பட்ட முட்டாள். உன்னைக் கீழ எறக்கியிருப்பாங்க. அப்புறம் என் முதுகுக்குப் பின்னால எவன் உக்காருவான்?"

"இப்போ நீயே எறக்கிட்டே."

"நீ ஓட்டறது பாதுகாப்பு இல்லடா. தூக்கத்துல நடக்கறவன். நாளைக்கு ஆளை ஏத்திட்டுப் போவே. நான் யோசிக்க வேண்டாமா?"

"ரெண்டு வருஷமா நீதான் எனக்குக் கத்துக்குடுத்தே. நூத்து நாப்பது மணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தே. அப்போல்லாம் யோசிக்கல. டயர் கடைக்காரன் வாந்தி எடுத்த பத்து நாள்ல யோசனை வந்துச்சு."

காற்று அடித்தது. காற்றின் திசை காட்டும் துணிப்பை தெற்கே திரும்பியது. இருவருமே பழக்கத்தில் அதைப் பார்த்தோம்.

"முப்பத்திநாலு பேர்," என்றான் கடைசியில். "ஒருத்தன் போகணும். மத்தவனைப் பத்தி எங்கிட்ட தாள் இல்ல. உன்னைப் பத்தி மட்டும்தான் ஒரு நகல் இருந்துச்சு."

"நீ எழுதினது."

"நான் எழுதினது." பிறகு மெதுவாக, "என் பேரைச் சொன்னியா?" என்றான்.

அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வந்ததிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

"இல்ல," என்றேன்.

அவன் தோள் கீழே இறங்கியது. நன்றி என்று சொல்லத் தொடங்கினான். கையைக் காட்டி நிறுத்தினேன். அதை நான் கேட்டிருந்தால் அவனை அடித்திருப்பேன்.

"மச்சான்!" என்று டேனி தூரத்திலிருந்து கத்தினான். "ரெடி!"

பச்சேகோ போனான். இடது இருக்கையில் பயிற்சியாளன், வலது இருக்கையில் மாணவன். மேல் விசிறி சுற்றத் தொடங்கியது. நான் அங்கேயே நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள், கால் போகவில்லை. அப்போதுதான் பார்த்தேன். டேனியின் பக்கக் கதவுக்கு வெளியே பெல்ட்டின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கியில் மாட்டவே இல்லை. முதல் வாரக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு.

பச்சேகோ மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் திரும்பவில்லை.

நான் முன்பக்கமாகப் போய், தலையைக் குனிந்து விசிறிக்கு அடியில் நுழைந்தேன். கதவைத் திறந்தேன். பெல்ட்டை உள்ளே எடுத்து மாட்டி, இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். டேனி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவன் தோள் எனக்குப் பக்கத்தில் இருந்தது. தட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குனிந்தபடி வெளியே வந்தேன்.

இவ்வளவு நடந்தும் பச்சேகோ தலையைத் திருப்பவில்லை. கதவு திறந்த காற்று அவன் மேல் அடித்திருக்கும். வந்தது யார் என்று அவனுக்குத் தெரியும். வலது பக்கம் நான் இருந்தால் அங்கே பார்க்க வேண்டியதில்லை என்பது அவன் உடம்புக்குத் தெரியும். நான் அவன் பக்கம் திரும்பமாட்டேன் என்பதும் தெரியும். அதை நம்பித்தான் அந்தக் கடிதத்தை மேசையில் விரித்துப் படம் எடுத்தான்.

இயந்திரம் தரையை விட்டு எழுந்து, மூக்கைச் சாய்த்து, மேற்கே போனது. நான் முழுதாகத் திரும்பி நின்று, இடது ஜன்னலில் அவன் தலை புள்ளியாகும்வரை அவனையே பார்த்தேன்.

பிறகு கிளம்பினேன். ஆறு மணிக்கு ஷிஃப்ட்.